50 கேபிக்குள் அடங்காத அடங்கல்

"புகைப்படம் 20 முதல் 50 கேபிக்குள் இருக்க வேண்டும். கையொப்பம் 10 முதல் 20 கேபிக்குள் இருக்க வேண்டும்." விண்ணப்பத் தளங்களில் வரும் இந்த இரண்டு வரிகளை நம்பித்தான் தாலுகா அலுவலகத்தைச் சுற்றியிருக்கும் பிரௌசிங் சென்டர்களில் பாதி பிழைக்கின்றன. மன்னார்குடியில் அப்படி ஒரு கடையில் பல வருடங்கள் உட்கார்ந்திருந்தவள் நான். படத்தைச் சுருக்கிக் கொடுக்கத் தனிக் காசு. சுருக்கிச் சுருக்கி ஆணா பெண்ணா என்றே தெரியாமல் போன முகத்தைத் தளம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும். தெளிவான படத்தை 51 கேபி என்று திருப்பியடிக்கும். அந்தக் காசில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். அதனாலேயே இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. படத்தைச் சுருக்குவது, நிமிர்த்துவது, பெயர் மாற்றுவது எல்லாம் நிரல் எழுதுகிறவர் செய்ய வேண்டிய வேலை. அதை விவசாயியின் தலையில் கட்டக் கூடாது.

இப்போது நீடாமங்கலம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு வலைச் செயலி ஒன்றைப் பராமரித்து வருகிறேன். உறுப்பினர் பதிவு, விதை முன்பதிவு, உரக் கணக்கு ஆகியவை ஏற்கனவே அதில் இருந்தன. ஆவணங்கள் மட்டும் மேலாளரின் வாட்ஸ்அப்புக்கு வந்துகொண்டிருந்தன. நடவு முடிந்து ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கம் காகிதக் காலம் தொடங்கிவிடும். சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடந்த சில ஆண்டுகளாக நவம்பர் 15 என்றுதான் கடைசி நாள் அறிவிக்கிறார்கள், பிறகு பெரும்பாலும் நீட்டிக்கிறார்கள். நீட்டிப்பார்கள் என்று நம்பி யாரும் சும்மா இருக்க முடியாதே. எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று சொல்லும் அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்குவார்கள், நிலம் யார் பெயரில் என்று காட்டும் சிட்டாவை எடுப்பார்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் பிடிப்பார்கள், எல்லாம் மேலாளரின் கைபேசியில் வந்து குவியும். உறுப்பினர்களில் முருகேசன் என்று மூன்று பேர், கோவிந்தராசு என்று இரண்டு பேர். எந்த அடங்கல் எந்த முருகேசனுடையது என்று தேடுவதிலேயே அவருடைய மாலை நேரம் கழியும். "செயலியிலேயே ஏற்றுவது போலச் செய்துவிடுங்கள், சின்ன வேலைதானே" என்றார்.

படிவத்தில் ஒரு பொத்தானை வைக்கும் வரையில் அது சின்ன வேலைதான்.

கோப்பைப் படிவத்தின் வழியாக அனுப்பும் வசதி வலையில் தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. 1995 நவம்பரில், இணைய நெறிமுறைகளுக்கான ஆர்.எஃப்.சி. வரிசையில் வெளியான 1867ஆம் ஆவணம்தான் அதை முன்வைத்தது. எழுதிய எர்னஸ்டோ நெபல், லாரி மசிந்தர் இருவரும் ஜெராக்ஸ் நிறுவனத்தில் இருந்தவர்கள். ஜெராக்ஸ் கடையிலிருந்து வந்தவளுக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம். அவர்கள் சொன்ன முறைதான் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. படிவத்தில் இருக்கும் ஒவ்வொரு தகவலும் தனித்தனிப் பகுதியாகப் போகும். பகுதிகளுக்கு நடுவே பிரௌசர் தானே உருவாக்கிய ஓர் எல்லைக் குறியைப் போடும். இதற்குப் படிவத்தின் என்க்டைப் என்ற பண்பில் 'மல்டிபார்ட் ஃபார்ம்-டேட்டா' என்று குறிப்பிட வேண்டும். குறிப்பிடாவிட்டால் கோப்பின் பெயர் மட்டும் சர்வருக்குப் போகும், கோப்பு வீட்டிலேயே இருந்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அனுப்பும்போது சிலர் ஆர்வக்கோளாறில் கோரிக்கையின் வகையைச் சொல்லும் தலைப்பு வரியைத் (கன்டென்ட்-டைப்) தாங்களே எழுதிவிடுகிறார்கள். அப்போது எல்லைக் குறி எது என்ற தகவல் விடுபட்டு, சர்வர் எதையும் பிரித்தெடுக்க முடியாமல் விழிக்கும். அதைப் பிரௌசரிடமே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது அளவு வரம்பு. இது ஒரே இடத்தில் இருப்பதில்லை. எங்கள் சர்வரில் முன்னால், வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள் நிற்கிறது. அதன் இயல்பான வரம்பு 1 எம்பி. தாண்டினால் 413 என்ற பிழை எண்ணோடு கதவைச் சாத்திவிடும். அதற்குப் பின்னால், செயலியின் நிரல் எழுதப்பட்ட மொழியான பி.எச்.பி. அதில் ஒரு கோப்புக்கு இயல்பாக 2 எம்பி, மொத்தப் படிவத்துக்கு 8 எம்பி. இந்த மொத்த வரம்பைத் தாண்டும்போது நடப்பதுதான் வேடிக்கை. பி.எச்.பி. கோப்பை மட்டும் விடுவதில்லை, படிவத்தில் எழுதிய எல்லாவற்றையும் காலி செய்துவிடும். நிரலுக்கு வந்து சேருவது வெற்றுப் படிவம். உடனே அது, "பெயரைப் பூர்த்தி செய்யவும்" என்று சொல்லும். கடையில் இருந்த காலத்தில், பெயரைத் திரும்பத் திரும்ப எழுதியும் ஒரு தளம் இதையே சொல்ல, "என் பேரில் என்ன குறை?" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். பேரில் குறையில்லை, படம் பெரிது. எங்கள் செயலியில், படிவம் வெறுமையாக வந்து, வந்த கோரிக்கையின் அளவு மட்டும் பெரிதாக இருந்தால், "படம் அளவுக்கு மீறியது, பெயரும் மற்ற விவரங்களும் சரியாகவே உள்ளன" என்று சொல்லும்படி எழுதியிருக்கிறேன்.

ஆனால் அந்த வரியை யாரும் பார்க்க நேராமல் செய்வதுதான் நல்ல ஏற்பாடு. இன்று சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசிகூட 12 மெகாபிக்சல் படம் எடுக்கிறது. ஒரு படம் 4 எம்பி என்று வையுங்கள். மழை நாளில் நொடிக்கு 256 கிலோபிட் வேகம் கிடைத்தால் அது போய்ச் சேர இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதற்குள் சிக்னல் இரண்டு முறை போய் வந்துவிடும். அதே படத்தைக் கைபேசியிலேயே 300 கேபியாகச் சுருக்கி அனுப்பினால் பத்து நொடி. பிரௌசருக்குள் இருக்கும் கான்வாஸ் என்ற வரைபலகையில் படத்தை வரைந்து, நீளமான பக்கத்தைக் குறைத்து, ஜேபெக்காக மாற்றி எடுத்துக்கொள்ள இருபது வரி நிரல் போதும். இந்த இருபது வரியை எழுதச் சோம்பல்பட்டுத்தான் ஊர் உலகத்தையெல்லாம் பிரௌசிங் சென்டருக்கு அலையவிடுகிறார்கள்.

எவ்வளவு சுருக்கலாம் என்பதை உத்தேசமாக முடிவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. அப்பாவின் அடங்கலைத் திண்ணையில் விரித்து, விலை குறைந்த கைபேசி ஒன்றில் படம் எடுத்து, பல அளவுகளில் சுருக்கிப் பார்த்தேன். அடங்கலில் பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் எப்படிச் சுருக்கினாலும் தெரியும். வட்டம், கிராமம், பசலி ஆண்டு, முத்திரையின் வட்டம் எல்லாம் நன்றாகவே இருக்கும். உயிர்நாடி இருப்பது புல எண்ணில், அதிலும் உட்பிரிவில். 112/3ஏ1 என்று பேனாவால் நெருக்கி எழுதியிருக்கும். நீளப் பக்கம் 1200 புள்ளியாகவும் (பிக்சல்), ஜேபெக் தரம் ஒன்றுக்கு 0.6 ஆகவும் வைத்தபோது அந்தக் கடைசி 1 பக்கத்துக் கோட்டோடு ஒட்டிக்கொண்டு 4 போலத் தெரிந்தது. 3ஏ1 எங்களுடையது, 3ஏ4 பங்காளியுடையது. ஏற்கனவே வரப்புத் தகராறு இருக்கிறது, இதுவும் சேர வேண்டாம். 1600 புள்ளி, தரம் 0.7 என்று மாற்றியதும் 1 தனியாக நிமிர்ந்து நின்றது. அதையே வைத்துக்கொண்டேன். 50 கேபிக்குள் கொண்டுவர முயன்றபோது என்ன ஆனது என்று கேட்காதீர்கள். முத்திரை மட்டும் மிஞ்சியது.

சிட்டா பி.டி.எஃப். ஆகவே இறங்கிவிடுவதால் அதைத் தொடுவதில்லை, அப்படியே வாங்கிக்கொள்கிறோம். ஐபோன் 2017 முதல் ஹெய்க் என்ற வடிவில் படம் சேமிக்கிறது. பல பிரௌசர்களுக்கு அதைத் திறக்கத் தெரியாது. சுருக்க முடியாத கோப்பு எதுவானாலும் 10 எம்பி வரை மூலத்தையே அனுப்பட்டும், சர்வரில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என்ஜின்எக்ஸிலும் பி.எச்.பி.யிலும் வரம்புகளை அதற்கேற்ப உயர்த்தியாகிவிட்டது.

பொத்தானை அழுத்தியதும் நேராகக் கேமரா திறக்க வேண்டும் என்று மேலாளர் விரும்பினார். அதற்கு கேப்சர் என்றொரு பண்பு இருக்கிறது. அதைப் போட்டால் பல கைபேசிகளில் கேலரியிலிருந்து படம் எடுக்க வழியில்லாமல் போய்விடும். இங்கேதான் எங்கள் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். "பாப்பா, அடங்கல் திருப்பூரில் இருக்கிறது" என்றார் வெண்ணாற்றங்கரையிலிருந்து வந்த பெரியப்பா ஒருவர். அடங்கல் அவர் சட்டைப் பையில்தான் மடித்து இருந்தது. அதன் படம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகனிடம் இருந்தது. விண்ணப்பத்தை நிரப்புவது மகன்தான். சில வீடுகளில் அது சிங்கப்பூர், சில வீடுகளில் துபாய். காகிதம் ஓரிடம், படம் ஓரிடம், படிவத்தை நிரப்பும் கை இன்னோரிடம். ஆகவே ஆவணங்களுக்குக் கேலரியும் கேமராவும் இரண்டும் திறந்திருக்கும். பயிரின் படத்துக்கு மட்டும் நேரே கேமரா. வயலில் நிற்பவர் எடுத்தால்தான் அது பயிர்ப்படம்.

இதே காரணத்தால் படிவத்தையும் படத்தையும் பிரித்தேன். படத்தைத் தேர்ந்தெடுத்த உடனே அது பின்னணியில் போகத் தொடங்கிவிடும். போய்ச் சேர்ந்ததும் சர்வர் ஓர் அடையாளக் குறியைத் திருப்பிக் கொடுக்கும். கடைசியில் 'சமர்ப்பி' என்று அழுத்தும்போது அந்தக் குறி மட்டும்தான் போகிறது. பாமணியாற்றுக் கரைமேல் ஏறினால் சிக்னல் மூன்று கோடு, வயலில் இறங்கினால் ஒன்று என்று இருக்கும் ஊரில், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பச் சொல்வது அநியாயம். எத்தனை சதவீதம் போயிருக்கிறது என்று காட்ட, பிரௌசரிலிருந்து சர்வருக்கு அனுப்பும் புதிய வழியான ஃபெட்ச் உதவாது, பழைய எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபி ரிக்வெஸ்ட்தான் அந்தக் கணக்கைச் சொல்லும். பழையது என்று அதை ஏளனம் செய்வோர் உண்டு. நகராத திரையைப் பார்த்துக்கொண்டு மழையில் நிற்பவரிடம் போய்ச் சொல்லிப் பார்க்கட்டும். பொறுமையிழந்து பொத்தானை நான்கு முறை அழுத்துகிறவர்களுக்காகக் கைபேசியிலேயே ஓர் எண்ணை உருவாக்கிப் படத்தோடு அனுப்புகிறேன். அதே எண்ணோடு மீண்டும் வந்தால் சர்வர் புதிதாகச் சேமிக்காது. படத்தை அனுப்பிவிட்டுப் படிவத்தைச் சமர்ப்பிக்காமல் போகிறவர்களும் உண்டு. அந்த அநாதைக் கோப்புகளை ஒரு நாள் பொறுத்திருந்து இரவில் ஒரு நிரல் துடைத்துவிடும்.

கோப்பைத் துண்டு துண்டாக அனுப்பி, விட்ட இடத்திலிருந்து தொடரும் 'டஸ்' என்ற நெறிமுறையைப் பற்றி நண்பர் ஒருவர் நீளமாக எடுத்துச் சொன்னார். நல்ல நெறிமுறைதான், பெரிய வீடியோவுக்கு அவசியமும்கூட. 300 கேபிக்கு எதற்கு? கோப்புகளை இணையத்தில் வாடகைக்கு வைக்கும் மேகக் கிடங்கு பற்றியும் பேச்சு வந்தது. ஆயிரம் உறுப்பினர், ஆளுக்கு நான்கு ஆவணம், ஒவ்வொன்றும் 300 கேபி என்றால் மொத்தம் 1.2 ஜிபி. ஒரு பென் டிரைவில் மிச்சம் இடம் இருக்கும். இருக்கிற சர்வரின் வட்டே போதும், தினமும் ஒரு நகல் வேறிடத்துக்குப் போகிறது.

இனி வாங்கும் பக்கம். பயனாளரிடம் எவ்வளவு இணக்கமாக நடந்துகொள்கிறோமோ, கோப்பிடம் அவ்வளவு சந்தேகமாக நடந்துகொள்ள வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் சாக்கின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்றா பார்க்கிறார்கள்? உள்ளே கைவிட்டு அள்ளி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று கருவியில் வைத்துப் பார்த்த பிறகுதான் தராசுக்குப் போகிறது. கோப்பின் பெயருக்குப் பின்னால் இருக்கும் ஜேபிஜி என்ற மூன்றெழுத்தும், பிரௌசர் அனுப்பும் வகைக் குறிப்பும் அனுப்புகிறவர் சொல்வது மட்டுமே. யாரும் எதையும் எழுதி அனுப்பலாம். நாம் பார்க்க வேண்டியது கோப்பின் முதல் சில பைட்டுகளை. ஜேபெக் என்றால் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்று தொடங்கும். பி.டி.எஃப். என்றால் சதவீதக் குறியும் அந்த மூன்று ஆங்கில எழுத்துகளும் இருக்கும். பி.எச்.பி.யில் இதற்கென்றே ஃபைல்இன்ஃபோ என்ற கருவி இருக்கிறது. தொடக்கத்தை ஜேபெக் போல எழுதி, உள்ளே நிரலை ஒளிக்கவும் முடியும் என்பதால் படத்தைச் சர்வரில் ஒருமுறை திறந்து, மீண்டும் புதிதாக எழுதிச் சேமிக்கிறேன். திறப்பதற்கு முன் நீள அகலத்தைப் பார்த்துவிட வேண்டும். சில கேபி அளவே உள்ள கோப்பு, திறந்தால் சர்வரின் நினைவகம் முழுவதையும் விழுங்கும் அளவுக்குப் பெரிய படமாக விரியலாம். படத்தை எழுத்து வடிவ நிரலாக வைத்திருக்கும் எஸ்விஜி வடிவத்தை வாங்குவதே இல்லை. அதற்குள் ஸ்கிரிப்ட் எழுத முடியும், அடங்கலை யாரும் எஸ்விஜியில் அனுப்பப் போவதும் இல்லை.

சேமிக்கும் இடம் வலைத்தளக் கோப்புறைக்கு வெளியே. முகவரியைத் தட்டச்சு செய்து யாரும் நேராகத் திறக்க முடியாது. பார்க்க உரிமை உள்ளவர்தானா என்று நிரல் சரிபார்த்த பிறகுதான் கோப்பு வெளியே வரும். எங்கோ ஒரு சர்வரின் பொதுக் கோப்புறையில் 1, 2, 3 என்று வரிசையாக ஊராரின் வங்கிப் புத்தகங்கள் கிடப்பதைக் கடையில் இருந்த நாட்களில் பார்த்திருக்கிறேன். எண்ணை மாற்றினால் அடுத்த வீட்டுக்காரருடையது வரும்.

அனுப்பியவர் வைத்த பெயரில் கோப்பைச் சேமிப்பதில்லை. பெயருக்குள் இரண்டு புள்ளியும் சாய்கோடும் வைத்து வேறு கோப்புறைக்குள் நுழையும் பழைய தந்திரம் ஒரு காரணம். தமிழ் இன்னொரு காரணம். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'கோ' என்று எழுதினால் ககரமும் துணைக்குறியும் சேர்த்து ஆறு. எண்பத்தைந்து குறியில் இடம் தீர்ந்துவிடும். ஊர் பேர், அப்பா பேர், எந்தப் போகம், எத்தனை மா நிலம் என்று ஒரு விண்ணப்பத்தையே கோப்பின் பெயராக எழுதுகிற அண்ணன் ஒருவர் எங்கள் உறுப்பினர். அவருடைய பெயரிடலை அப்படியே தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன், திரையில் அதுதான் தெரியும். வட்டில் இருப்பது அர்த்தமில்லாத ஓர் எழுத்து வரிசை.

கைபேசிப் படத்துக்குள் எக்ஸிஃப் என்றொரு குறிப்பு ஒளிந்திருக்கும். எந்தப் பக்கம் மேலே என்பதும், சில சமயம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் அதில் இருக்கும். கைபேசியில் நிமிர்ந்து தெரிந்த அடங்கல் சர்வரில் படுத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம். சர்வரில் படங்களைக் கையாளும் ஜிடி என்ற நிரல் நூலகம் அந்தக் குறிப்பைப் பார்ப்பதில்லை. இன்றைய பிரௌசர்கள் கான்வாஸில் வரையும்போதே நிமிர்த்திவிடுகின்றன, கூடவே எக்ஸிஃப் முழுவதும் கழன்றுவிடுகிறது. அடங்கலைப் பொறுத்தவரை அது நல்லது, யார் வீட்டுத் திண்ணையில் எடுத்தார்கள் என்பது எங்களுக்கு வேண்டாம். பயிர்ப்படத்துக்கோ இடம்தான் எல்லாமே. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, விழுந்த தென்னைகளின் படங்களைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, எந்தப் படம் எந்தக் கொல்லை என்று காட்ட முடியாமல் கடைக்கு வந்து நின்றவர்களை நான் மறக்கவில்லை. அதனால் பயிர்ப்படம் எடுக்கும்போது இருப்பிடத்தைத் தனியாக, "இந்த வயல் இருக்கும் இடத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா?" என்று கேட்டு வாங்குகிறோம். மறுத்தால் படம் மட்டும் போகும்.

மேலாளரோடு ஒத்துப்போகாத ஒரே விஷயம் ஆதார். எல்லோரும் வாங்குகிறார்கள், நாமும் வாங்கி வைப்போம் என்றார். எதற்கு என்று கேட்டேன். "இருந்தால் நல்லதுதானே" என்றார். காப்பீட்டு விண்ணப்பத்தை நிரப்பும்போது உறுப்பினரே எண்ணைக் கொடுக்கிறார். எங்கள் வட்டில் அதன் படம் கிடக்க வேண்டிய தேவை என்ன? முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையமே தருகிறது என்று எடுத்துக் காட்டினேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்துவிட்டது, தேவை முடிந்த தகவலை அழிக்க வேண்டும் என்று அது சொல்கிறது என்பதையும் சொன்னேன். சட்டம் என்றதும் சற்று இறங்கி வந்தார். இப்போது படிவத்தில் ஆதாருக்கான கட்டமே இல்லை. அடங்கல் ஒரு போகத்துக்கு உரியது என்பதால், காப்பீட்டுக் கணக்கு முடிந்து ஆறு மாதம் கழிந்ததும் செயலி அதை அழித்துவிடும். பயிர்ப்படங்களை மட்டும் மூன்று ஆண்டு வைத்திருக்கலாம் என்று இயக்குநர்கள் கேட்டார்கள், வைத்திருக்கிறோம்.

அவருடைய கைபேசியின் வாட்ஸ்அப்பில் முந்தைய போகங்களில் வந்து குவிந்த ஆதார் படங்களை யார் உட்கார்ந்து அழிப்பது என்ற கேள்வி அடுத்த இயக்குநர் கூட்டத்துக்குத் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது.